ஒன்பது வாட் பல்பும் எண்ணூர் சாம்பலும்

வயரிங் வேலைக்குப் போனால் சுவரில் உளி வைப்பதற்கு முன்னால் லோடு கணக்குப் போடவேண்டும். எத்தனை லைட் பாயிண்ட், எத்தனை ஃபேன், எத்தனை பவர் பிளக், மொத்தம் எத்தனை வாட். அதை வைத்துத்தான் ஒயர் எந்த சைஸ், எம்.சி.பி. (லோடு அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) எத்தனை ஆம்பியர், ஈ.பி.யில் சிங்கிள் ஃபேஸ் போதுமா, த்ரீ ஃபேஸ் கேட்கவேண்டுமா என்பதெல்லாம் முடிவாகும். எங்கள் அப்பாவுக்கும் இதே தொழில்தான். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் ஏகப்பட்ட வீடுகளில் அவர் கை பட்டிருக்கிறது. அவர் லோடு கணக்கு எழுதிவைத்த டைரிகள் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன.

எண்பதுகளில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டுக்கு அவர் எழுதிய கணக்கு இது: டியூப்லைட் மூன்று (சோக்கையும் சேர்த்து ஒன்றுக்கு 50 வாட்), குண்டு பல்பு இரண்டு (60 வாட்), சீலிங் ஃபேன் இரண்டு (75 வாட்), டிவி ஒன்று (100 வாட்). கூட்டினால் 520 வாட். மிக்சிக்கு ஒரு பிளக், அயர்ன் பாக்ஸுக்கு ஒரு பிளக். அவ்வளவுதான் வீடு.

அதே அளவு வீட்டுக்கு இன்றைக்கு நான் எழுதும் கணக்கில் எல்.இ.டி. டியூப் நான்கு (20 வாட்), ஒன்பது வாட் பல்பு ஐந்து, குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் மூன்று (30 வாட்). எல்லாம் சேர்ந்து 215 வாட். அப்பா போட்ட வெளிச்சத்தைவிட அதிக வெளிச்சம், அதிகக் காற்று, டிவியை விட்டுவிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய பாதிக் கரண்ட். இதோடு பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டால் பெரிய சாதனைதான். ஆனால் கணக்கு அங்கே நிற்பதில்லை. பெட்ரூமில் ஒரு டன் ஏசி, ஆயிரம் வாட். பாத்ரூமில் கீசர், இரண்டாயிரம். சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு, ஆயிரத்து எண்ணூறு. அப்புறம் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின், இரவு பகலாக எரியும் வைஃபை பெட்டி. கூட்டினால் ஐந்து கிலோவாட்டைத் தாண்டுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பது உண்மைதான். இருந்தாலும் அரை கிலோவாட் வீடு ஐந்து கிலோவாட் வீடாகியிருக்கிறது, அதுவும் ஒவ்வொரு பொருளும் முன்னைவிடச் சிக்கனமாக ஆன அதே காலத்தில்.

இந்த முரண்பாட்டை முதலில் என் மண்டையில் ஏற்றியவர் தண்டையார்பேட்டையில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. வீட்டில் இருந்த குண்டு பல்பு, டியூப்லைட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டிக் கொடுத்தேன். நாலைந்து வருஷம் கழித்து வேறொரு வேலைக்குக் கூப்பிட்டார். வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னாப்பா, பில்லு பாதியாவும்னு சொல்லிட்டுப் போன. இங்க ஏறிக்கினே கீது?"

மீட்டர் பெட்டிக்குள் செருகியிருந்த வெள்ளை கார்டை எடுத்துப் பார்த்தேன். ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதிவிட்டுப் போவாரே, அது. நான் பல்பு மாற்றியதற்கு முந்தைய வரிகளில் 180, 190 யூனிட் என்று இருந்தது (ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). மாற்றிய பிறகு 150-க்கு இறங்கியிருக்கிறது. நான் சொன்னது பலித்த இடம் அது. ஒரு வருஷம் அப்படியே போயிருக்கிறது. பிறகு 170, 210. அதற்கடுத்த கோடையில் ஒரே தாவலில் 430.

"அந்த வெயில்ல ஏசி வாங்குனீங்களாக்கா?"

"ஆமா, பொண்ணு புள்ள பெத்து வந்துருந்தா. அஞ்சு ஸ்டாரு, கரண்டே இழுக்காதுன்னு கடைக்காரன் சொன்னான்."

அந்தக் கார்டைப் படிக்கத் தெரிந்தால் இந்த விஷயத்தில் பாதி புரிந்த மாதிரி. முதலில் உண்மையான மிச்சம். அடுத்து அந்த மிச்சத்தை மெதுவாகக் கரைக்கும் சின்னச் சின்னச் சுதந்திரங்கள்: வாசல் லைட்டை இனி ராத்திரி முழுக்க எரியவிடலாம், ஒன்பது வாட்தானே; சாமி படத்துக்குச் சீரியல் பல்பு; மாடிப்படியில் ஒன்று. அதற்கப்புறம் வருவதுதான் பெரிய தாவல். "கரண்டே இழுக்காது" என்ற நம்பிக்கையில் முன்பு நினைத்தும் பார்க்காத ஒரு பொருள் வீட்டுக்குள் வருகிறது.

ஏசி விஷயத்தில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பழைய ஒன்றரை டன் ஜன்னல் ஏசி ஒரு ராத்திரிக்குப் பத்து யூனிட் சாப்பிடும். இப்போதைய ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஐந்து யூனிட்டில் முடித்துவிடும். பாதிக்குப் பாதி. ஆனால் அக்கா வீட்டில் பழைய ஜன்னல் ஏசி எப்போது இருந்தது? இருந்ததே இல்லை. அவருக்கு அது பத்திலிருந்து ஐந்துக்கு இறங்கிய கதை இல்லை, பூஜ்யத்திலிருந்து ஐந்துக்கு ஏறிய கதை. ஏசி சிக்கனமானதால்தான் அவரால் வாங்க முடிந்தது. பத்து யூனிட் ஏசி என்றால் இரண்டு மாதத்தில் அது மட்டுமே அறுநூறு யூனிட். நம் மாநிலத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு. அந்தப் பயத்திலேயே விட்டிருப்பார்.

கணக்கை நேருக்கு நேர் வைத்துப் பார்ப்போம். ஒரு 60 வாட் குண்டு பல்பை 9 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால், நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்குச் சுமார் 15 யூனிட் மிச்சம். அந்த ஒரு டன் ஏசி இரண்டு மாதத்தில் சாப்பிடுவது 300 யூனிட். ஒரு ஏசி, இருபது பல்புகளின் மிச்சத்தை விழுங்கிவிடும். இட்லிக்கடை அக்கா வீட்டில் இருபது பல்பு கிடையாது.

நூறு யூனிட் இலவசம் இன்னொரு விதமாக வேலை செய்கிறது. 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். நல்ல திட்டம்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நூறுக்குள் இருக்கும் வீட்டில் பல்பு மாற்றினால் கையில் காசாக எதுவும் மிஞ்சாது. காலியான இடம்தான் மிஞ்சும். அந்த இடத்தில் இன்னொரு ஃபேன் வந்து உட்காரும். ஒற்றை ஃபேனில் ஆறு பேர் படுத்திருந்த வீட்டில் இரண்டாவது ஃபேன் வந்தால் அதை யார் வீண் என்று சொல்வார்கள்?

கடைகளுக்கு வருவோம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை பார்க்காதவர் வடசென்னையில் இருக்கமாட்டார். தீபாவளிக்கு முன்னால் அந்தத் தெருவில் கால் வைக்க முடியாது. முன்பெல்லாம் அந்தக் கடைகளில் ஹாலஜன் ஸ்பாட் லைட் போடுவோம், ஒன்று 50 வாட். கையை மேலே நீட்டினால் சுடும். நாற்பதுக்கு மேல் போட்டால் கீழே நிற்கும் சேல்ஸ்மேனுக்கு வியர்த்துக் கொட்டும், ஏசி திணறும், முதலாளியே போதும் என்பார். விளக்குகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்பைப் போட்டது சூடு.

எல்.இ.டி. வந்ததும் அந்த வரம்பு போய்விட்டது. போன வருஷம் அங்கே ஒரு கடைக்கு ஃபால்ஸ் சீலிங் வேலை பார்த்தேன். பன்னிரண்டு வாட் ஸ்பாட் லைட் நூற்றிருபது. சீலிங் ஓரம் முழுக்க உள்ளே மறைத்து ஸ்ட்ரிப் லைட், ஷோகேஸின் ஒவ்வொரு தட்டுக்கு அடியிலும் ஸ்ட்ரிப் லைட், சீலிங்குக்கு மேலே அதற்கான டிரைவர் பெட்டிகள் வரிசையாக. வாசலில் பெரிய எல்.இ.டி. ஸ்க்ரீன், அதில் நாள் முழுக்க விளம்பரம். பழைய நாற்பது ஹாலஜன் இரண்டாயிரம் வாட். புதிய ஸ்பாட் லைட் மட்டுமே 1,440 வாட். ஸ்ட்ரிப்பையும் ஸ்க்ரீனையும் சேர்த்தால் இரண்டாயிரத்தைத் தாண்டிப் போயிற்று. "இவ்வளவு வேணுமாண்ணே?" என்று கேட்டேன். "பக்கத்துக் கடையப் பாத்தியா? நம்ம கடை இருட்டா தெரியுது தம்பி" என்றார். பக்கத்துக் கடைக்காரரும் இவரைக் காட்டி இதையேதான் சொல்லியிருப்பார்.

வெளிச்சத்தின் வரலாறே இப்படித்தான் போயிருக்கிறது. ரோஜர் ஃபூக்கே, பீட்டர் பியர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் மெழுகுவர்த்திக் காலத்திலிருந்து வெளிச்சத்தின் விலையைக் கணக்கிட்டார்கள். 1800-க்கும் 2000-க்கும் நடுவில் ஒரே அளவு வெளிச்சத்துக்கான செலவு ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அதே காலத்தில் ஒரு ஆள் பயன்படுத்தும் வெளிச்சம் ஆறாயிரம் மடங்குக்கு மேல் கூடிவிட்டது. எம்.சி. ரோட்டு முதலாளியை அவர்கள் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள்.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர். 1865-இல், முப்பது வயதுகூட ஆகாத நிலையில், இங்கிலாந்தின் நிலக்கரிப் பிரச்சினையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நிலக்கரி தீர்ந்துவிடுமோ என்று அந்த நாடு கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலம். நல்ல எஞ்சின் வந்துவிட்டால் நிலக்கரி மிச்சமாகும், பயப்படாதீர்கள் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதும் குறைவாகப் பயன்படுத்துவதும் ஒன்று என்று நினைப்பது சுத்தக் குழப்பம், நடப்பது அதற்கு நேர்மாறு என்று ஜெவன்ஸ் எழுதினார். அவர் காட்டிய உதாரணம் ஸ்காட்லாந்தின் இரும்பு உலைகள். ஒரு டன் இரும்பு உருக்கத் தேவைப்பட்ட நிலக்கரி பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. 1830-க்கும் 1863-க்கும் நடுவில் அங்கே எரித்த மொத்த நிலக்கரியோ பத்து மடங்காகிவிட்டது.

எப்படி என்பதற்கு நீராவி எஞ்சினே சாட்சி. 1712-இல் நியூகோமன் செய்த எஞ்சின் நிலக்கரியை வாரி விழுங்கும். அதனால் நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலில், கழிவுக் கரி சும்மா கிடைக்கும் இடத்தில் வைத்துத் தண்ணீர் இறைக்கத்தான் பெரும்பாலும் கட்டுப்படியானது. 1769-இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை எடுத்த எஞ்சின் அதைவிட மிகக் குறைவான கரியில் அதே வேலையைச் செய்தது. சில வருஷத்தில் அது இங்கிலாந்தின் கார்ன்வாலுக்குப் போயிற்று. செம்பும் தகரமும் வெட்டும் ஊர், நிலக்கரி கிடையாது, கப்பலில்தான் வரவேண்டும். பிறகு பஞ்சாலைகளுக்குள் போயிற்று. பழைய எஞ்சின் கட்டுப்படியாகாத இடங்கள் எல்லாம் புதிய எஞ்சினுக்குக் கதவைத் திறந்தன. இட்லிக்கடை அக்கா வீட்டுக்குள் ஏசி நுழைந்ததும் இந்த வழியில்தான்.

ஜெவன்ஸ் பேசியது நிலக்கரியைப் பற்றி என்பதை நாம் மறக்கவே முடியாது, ஏனென்றால் அந்த நிலக்கரி எரிவது நம் வீட்டுப் பக்கத்தில். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓட ஆரம்பித்தது, 450 மெகாவாட். கிழடாகி 2017-இல் மூடினார்கள். அதற்குள் சுற்றிலும் வேறு நிலையங்கள் வந்துவிட்டன. வடசென்னை அனல்மின் நிலையம் தொண்ணூறுகளில் 630 மெகாவாட், 2013-14 வாக்கில் கூடுதலாக 1,200. பக்கத்தில் வல்லூர் 1,500. 2024 மார்ச்சில் வடசென்னை மூன்றாம் நிலை, ஒரே உற்பத்திப் பிரிவில் 800 மெகாவாட். இதற்கெல்லாம் கரி இறக்கத்தான் எண்ணூரில் தனியாகத் துறைமுகமே கட்டினார்கள், 2001-இல் திறந்தது, இப்போது காமராஜர் துறைமுகம். ஒடிசாவின் பாரதீப்பிலிருந்து கப்பலில் வரும் கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறிப் போகும். அத்திப்பட்டு பக்கம் போகிறவர்கள் ரோட்டிலிருந்தே பார்க்கலாம்.

அந்த 800 மெகாவாட் பிரிவு சூப்பர் கிரிட்டிக்கல் வகை. அழுத்தத்தை மிக அதிகமாக வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிடாமலே நீராவியாக்குவார்கள். ஒரு யூனிட் கரண்டுக்கு எரிக்கவேண்டிய கரி பழைய நிலையங்களைவிடக் குறைவு. நல்ல பொறியியல், சந்தேகமில்லை. பழைய 450-ஐ மூடிவிட்டு அதே 450-ஐப் புதிய முறையில் கட்டியிருந்தால் கரி குறைந்திருக்கும். கட்டியது 800. மூடிய எண்ணூர் நிலையத்தின் இடத்திலும் 660 மெகாவாட்டுக்கு ஒரு திட்டம் இருக்கிறது, ஊர்க்காரர்கள் எதிர்க்கிறார்கள்.

நம் நாட்டில் ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிகிறது. அக்கா வீட்டு ஏசியின் 300 யூனிட் முழுவதும் கரியிலிருந்து வந்ததாக வைத்துக்கொண்டால் 210 கிலோ. உள்நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். ஒரு பெட்ரூம், இரண்டு மாதத் தூக்கம், எழுபது கிலோ சாம்பல். உண்மையில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கலந்துதான் வருகிறது என்பதால் அளவு குறையும். ஆனால் ஏசி ஓடுவது ராத்திரியில். அப்போது சூரியன் கணக்கில் சேராது. அந்தச் சாம்பல் எங்கே போகிறது என்று செப்பாக்கம் ஆட்களையும் காட்டுக்குப்பம் ஆட்களையும் கேட்டால் சொல்வார்கள். (செப்பாக்கம் எண்ணூருக்கு அந்தப்பக்கம், சாம்பல் குளத்தை ஒட்டிய சின்ன ஊர்.) கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடித்தவர்கள் காலுக்கடியில் சேற்றுக்குப் பதிலாகச் சாம்பலை மிதித்தார்கள்.

இப்போது ஒரு நியாயத்தைச் சொல்லியாகவேண்டும். சிக்கனம் செய்தால் எப்போதும் செலவு கூடத்தான் செய்யும் என்று ஜெவன்ஸைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் எதற்கு எல்.இ.டி., எதற்கு ஸ்டார் ரேட்டிங், எல்லாம் வேஸ்ட் என்று முடித்துவிடுவார்கள். அது சோம்பேறி வாதம். ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை.

அமெரிக்காவின் கான்சாஸில் பெர்ன் என்ற சின்ன ஊரில் வீடுகளுக்குச் சிக்கனமான வாஷிங் மெஷின் கொடுத்துப் பார்த்தார்கள். மெஷின் சிக்கனமானதால் ஜனங்கள் துவைப்பது கூடியதா? கூடியது, 5.6 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதி மிச்சமாகவே நின்றது. அழுக்குத் துணி இருந்தால்தானே துவைப்பார்கள். ஸ்டீவ் சொரல் 2007-இல் பிரிட்டனில் தொகுத்த அறிக்கை, வளர்ந்த நாடுகளின் வீடுகளில் மிச்சத்திலிருந்து இப்படிக் கூடுதல் பயன்பாடாக நேரடியாகத் திரும்பிப் போகும் அளவு பெரும்பாலும் 30 சதவீதத்துக்குள் என்கிறது. ஆனால் வீட்டை மட்டும் பார்க்காமல் மொத்தப் பொருளாதாரத்தையும் பார்த்தால், எதிர்பார்த்த மிச்சத்தில் பாதிக்கு மேல் காணாமல் போகலாம் என்று அவரும் பிராக்வே முதலானவர்களும் 2021-இல் 33 ஆய்வுகளை அலசி எழுதினார்கள். மிச்சமான காசு வேறு எங்கோ போய் வேறு எதையோ எரிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மெக்சிகோ ஆய்வு. அங்கே 2009-இல் அரசாங்கம் பழைய ஃப்ரிட்ஜையும் ஏசியையும் வாங்கிக்கொண்டு புதிய சிக்கனமானவை வாங்க மானியம் கொடுத்தது. லட்சக்கணக்கான வீடுகள். லூகாஸ் டேவிஸும் அவர் கூட்டாளிகளும் வீட்டு பில்லை எடுத்துவைத்து முன்னும் பின்னும் பார்த்தார்கள். ஃப்ரிட்ஜ் மாற்றிய வீடுகளில் கரண்ட் 8 சதவீதம் குறைந்திருந்தது. திட்டம் போட்டபோது எதிர்பார்த்ததில் அது கால்வாசிதான். ஏசி மாற்றிய வீடுகளில் செலவு கூடியிருந்தது!

ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் உள்ள வித்தியாசம் என் தொழிலில் தினமும் பார்ப்பதுதான். ஃப்ரிட்ஜ் ஏற்கெனவே 24 மணி நேரமும் ஓடுகிறது. சிக்கனமாகிவிட்டது என்பதற்காக நாளைக்கு 30 மணி நேரம் ஓட்ட முடியாது. பெரியதாக வாங்கலாம், அவ்வளவே. ஏசி அப்படி இல்லை. இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு டிகிரி, இன்னொரு ரூம் என்று போய்க்கொண்டே இருக்கும். வயிறு நிறைந்த இடத்தில் சிக்கனம் மிச்சமாகும். பசி இருக்கும் இடத்தில் சாப்பாடாகும்.

வடசென்னையில் குளிர்ச்சிக்கு அந்தப் பசி இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் திட்டத்தின்படி அப்போது நம் நாட்டில் ஏசி இருந்த வீடுகள் 8 சதவீதம்தான். வியாசர்பாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டுக்குள் மே மாதம் மதியம் ஏணி போட்டு ஏறி ஃபேன் மாட்டிப் பாருங்கள். தலை ஷீட்டுக்குப் பக்கத்தில் போகும்போது அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். ராத்திரி பத்து மணிக்கும் அந்தச் சூடு இறங்காது. அந்த வீட்டில் தவணையில் ஏசி வாங்கி மாட்டிய ஒரு அம்மா "இப்பத்தாம்பா புள்ளைங்க தூங்குது" என்றபோது, அவருக்கு ஜெவன்ஸைச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் வீட்டுப் பில் ஏறியது தோல்வி இல்லை. சிக்கனமான ஏசி செய்யவேண்டிய வேலையைச் செய்திருக்கிறது. அதை 'மிச்சம்' என்று மேடையில் பேசாதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே கையை நீட்டினால் இரண்டு சுவரும் தொடும். அவுட்டோர் யூனிட்டை அங்கேதான் மாட்டவேண்டும். வீட்டுக்குள்ளிருந்து எடுத்த சூட்டோடு கம்ப்ரஸரின் சூட்டையும் சேர்த்து எதிர் வீட்டு ஜன்னலுக்குள் ஊதும். எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். அடுத்த மாதம் அவரே கூப்பிடுவார், ஏசி பாயிண்ட் போட. ஒரு சந்தில் முதல் ஏசி மாட்டிவிட்டால் அந்தச் சந்தில் எனக்கு இரண்டு வருஷத்துக்கு வேலை உண்டு.

காசிமேட்டில் இதே கதை கடலில் நடந்தது. விசைப்படகில் ஜெனரேட்டர் வைத்துச் சக்தி வாய்ந்த எல்.இ.டி. விளக்குகளைத் தண்ணீருக்குள் இறக்கினால் மீன்கள் வெளிச்சத்துக்குக் கூடும், மொத்தமாக வாரிவிடலாம். பழைய விளக்குகளில் இவ்வளவு வெளிச்சம் வேண்டுமென்றால் ஜெனரேட்டரும் டீசலும் கட்டுப்படியாகாது. எல்.இ.டி. கட்டுப்படியாக்கியது. சின்ன ஃபைபர் படகுக்காரர்கள் கொதித்தார்கள், குஞ்சு மீனும் போகிறதே என்று. கடைசியில் 2017 நவம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. இங்கே ஒன்றைக் கவனிக்கலாம்: விளக்கை இன்னும் சிக்கனமாக்குவதால் தீரும் பிரச்சினை இல்லை அது. இவ்வளவுக்கு மேல் கூடாது என்று ஒருவர் கோடு போடவேண்டியிருந்தது. கோட்டை எல்லோரும் மதிக்கிறார்களா என்பது வேறு கதை, அதைத் துறைமுகத்தில் சத்தமாகப் பேசாமல் இருப்பது நல்லது.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே பேச்சுதான் இப்போது. 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் நிறுவனம் குறைந்த செலவில் செயற்கை நுண்ணறிவு செய்து காட்டியதும், மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லா ஜெவன்ஸ் பெயரைச் சொல்லித்தான் ட்வீட் போட்டார். மலிவானால் பயன்பாடு கூடும் என்று சந்தோஷமாக. விற்கிறவருக்குச் சந்தோஷம்தான். நேர்மையாகப் பார்த்தால் இதே துறை 2010-இலிருந்து 2018 வரை நல்ல பிள்ளையாகவும் இருந்திருக்கிறது: டேட்டா சென்டர்கள் செய்த வேலை ஆறு மடங்குக்கு மேல் கூடியும் கரண்ட் 6 சதவீதம்தான் கூடியது. இனி அப்படி இருக்காது போலிருக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணிப்பில், உலக டேட்டா சென்டர்களின் மின்செலவு 2024-இல் 41,500 கோடி யூனிட், 2030-இல் 94,500 கோடி யூனிட். அம்பத்தூர் பக்கமும் அந்தக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. ஜன்னலே இருக்காது, பார்த்தாலே தெரியும்.

சரி, என்னதான் செய்வது? எனக்கு முதல் கோபம் கணக்கின் மேல்தான். 2015 ஜனவரியில் மத்திய அரசு ஆரம்பித்த உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்புகள் விநியோகமாயின. அரசு வாங்கும் விலை 310 ரூபாயிலிருந்து 38 ரூபாய் வரை இறங்கியது. அதற்கு ஒரு பெரிய கும்பிடு. ஆனால் அதனால் இத்தனை கோடி யூனிட் மிச்சம் என்று சொல்கிறார்களே, அந்த எண் பல்பு எண்ணிக்கையை வாட் வித்தியாசத்தாலும், எரிவதாக வைத்துக்கொண்ட மணி நேரத்தாலும் பெருக்கி வருவது. யார் வீட்டு வெள்ளை கார்டையும் பார்த்து வருவது அல்ல. மெக்சிகோவிலும் முதலில் அப்படித்தான் பெருக்கினார்கள். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அது எல்.இ.டி.யின் குற்றம் இல்லை, தொழிற்சாலை, வெயில், ஏசி என்று நூறு காரணம் உண்டு. எல்.இ.டி. இல்லாவிட்டால் இன்னும் மேலே போயிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் எண்ணூர்க்காரருக்குப் பெருக்கல் கணக்கு முக்கியமில்லை. அவர் ஊரில் எரிவது மொத்தம்.

2020 ஜனவரியிலிருந்து புதிய ரூம் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் நிற்கவேண்டும் என்று விதி வந்தது. சின்ன விஷயம்தான், ரிமோட்டை எடுத்து யார் வேண்டுமானாலும் 18-க்கு இறக்கலாம். ஆனால் நான் போகும் வீடுகளில் பாதிப் பேர் இறக்குவதில்லை. மனுஷனின் சோம்பேறித்தனத்தை நம்பிப் போட்ட விதி, அதனால் பலிக்கிறது. இன்னொன்று கட்டணப் படி. வாங்கும்போது ஐந்து ஸ்டார் என்று நம்பி இரண்டாவது ஏசி எடுக்கப் போனவர்களை 500 யூனிட் படி தடுத்து நிறுத்தியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏழைக்கு முதல் படிகள் இலவசமாகவோ மலிவாகவோ இருக்கட்டும். மேல் படிகளில் ஏறுகிறவர் ஏறும்போதே உணரவேண்டும். எம்.சி. ரோட்டு வெளிச்சப் போட்டிக்கு ஒரு வரம்பு வந்தால் கடைக்காரர்களே மனசுக்குள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைக்கிறேன், எல்லோருக்கும் சேர்த்து வரவேண்டும், அவ்வளவுதான். அப்புறம் கரி நிலையங்கள். சிக்கனமான புதியது ஒன்று வந்தால் பழையது இத்தனை மெகாவாட் அன்றைக்கே நிற்கும் என்று எழுத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து எரியும்.

என் மட்டத்தில் நான் செய்வது ஒன்றே ஒன்று. ஏசி பாயிண்ட் கேட்டுக் கூப்பிடுகிறவர்களின் மொட்டை மாடியை முதலில் பார்த்துவிட்டு, அதற்கு வெள்ளை அடிக்கச் சொல்கிறேன். வெயில் நேராக விழும் மாடிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடித்தால் கீழே ரூமின் சூடு நன்றாகவே இறங்கும். அதற்கு பிளக் வேண்டாம், மீட்டர் வேண்டாம், ஸ்டார் ஸ்டிக்கரும் கிடையாது. அதனாலோ என்னவோ அதற்கு ஏசி அளவுக்கு விளம்பரம் இல்லை. பெரும்பாலும் "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ண்ணே" என்று சொல்லி ஏசியை முதலில் மாட்டிவிடுவார்கள். கொடுங்கையூரில் ஒருவர் மட்டும் நான் சொன்னதைக் கேட்டார். முதலில் மாடிக்கு வெள்ளை அடித்தார், ஒரு வாரம் படுத்துப் பார்த்தார், ஒன்றரை டன் வாங்க இருந்தவர் ஒரு டன்னோடு நிறுத்திக்கொண்டார். மிச்சமான காசில் வாஷிங் மெஷின் எடுத்துவிட்டாராம். அதற்குப் பாயிண்ட் போட வரும் ஞாயிற்றுக்கிழமை என்னை வரச்சொல்லியிருக்கிறார்.